எழுதினால் போதும், ஸ்லைடு தயார்!

பெட்டியை இழுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, படத்தை நகர்த்தியே பாதி நாள் போய்விடுகிறதா? மார்க்டவுனில் எழுதிப் பாருங்கள். 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை இது. வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட்டால் தலைப்பு. சிறு கோடு போட்டால் பட்டியல்.

இதை ஸ்லைடாக்க ‘மார்ப்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விஎஸ் கோடு என்ற எடிட்டரில் அதன் எக்ஸ்டென்ஷனை நிறுவி, கோப்பின் உச்சியில் ‘மார்ப்: ட்ரூ’ என ஆங்கிலத்தில் எழுதி, அதன் மேலும் கீழும் மும்மூன்று சிறு கோடுகள் இட வேண்டும். பிறகு, வெற்று வரி விட்டு மூன்று கோடு போடும் இடமெல்லாம் புது ஸ்லைடு! ‘கையா’, ‘அன்கவர்’ என்று அழகான தீம்களும் கூடவே வருகின்றன.

எழுதும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: ஒரு ஸ்லைடுக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

தயாரான ஸ்லைடுகளைப் பவர்பாயின்ட் கோப்பாகவும் எடுக்கலாம். ஆனால், மார்ப் வழக்கமாக ஒவ்வொரு ஸ்லைடையும் படமாகவே வைக்கும்; எழுத்தைத் திருத்த முடியாது. திருத்த வேண்டியிருந்தால், மார்க்டவுனைப் பவர்பாயின்டாக மாற்றும் ‘பான்டாக்’ என்ற மென்பொருள் நல்லது.