தாத்தாவைச் சாமியாக்காதே

ஆர்.கே. புரம்,
புது தில்லி

அன்புள்ள கண்ணம்மா,

தாத்தாவின் முதலாண்டு நினைவு மலருக்கு நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய். ஆனால் ‘எளிமையின் சிகரம்’, ‘அன்பின் ஊற்று’ என்றெல்லாம் போட்டிருக்கிறாயே, பெயரை மட்டும் மாற்றினால் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் பொருந்தும். தொண்ணூற்றாறு வயதில் போனவர். ‘கல்யாணச் சாவு’ என்று பந்தியில் அவர் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை உன் கட்டுரையில் காணோம்.

பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் புத்தகத்தில் குஷ்வந்த் சிங் தன் பாட்டியைப் பற்றி எழுதிய பாடம் ஞாபகம் இருக்கிறதா? குட்டை, பருமன், கூன் முதுகு. ஒரு கை இடுப்பில், மறு கையில் ஜபமாலை. கிராமத்தில் பழைய ரொட்டியை நாய்களுக்குப் போட்டவர், நகரத்துக்கு வந்ததும் குருவிகளுக்குப் போட்டார். பள்ளியில் பேரனுக்குச் சங்கீதம் கற்றுத் தருகிறார்கள் என்று தெரிந்ததும் அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். அதே பாட்டி, பேரன் வெளிநாட்டிலிருந்து திரும்பிய அன்று ஜபத்தை விட்டுவிட்டு, தோல் தொய்ந்த பழைய டோலக்கைத் தட்டிப் பாடினாராம். பாட்டியின் பிடிவாதத்தைப் பேரன் மூடி மறைக்கவில்லை. அதனால்தான் படிக்கிற எல்லாருக்கும் அவர் சொந்தப் பாட்டி ஆகிவிடுகிறார்.

குஷ்வந்த் சிங்கும் நம் தில்லிக் கிழவர்தானே. கான் மார்க்கெட்டை ஒட்டிய சுஜான் சிங் பார்க்கில் குடியிருந்தார். அவர் அப்பா கட்டி, தாத்தா பெயர் வைத்த குடியிருப்பு. 2014 மார்ச் 20 அன்று அங்கேயே காலமானார், வயது 99. அந்த வயதிலும் ஒரு குழப்பம் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா 1915 பிப்ரவரி 2 என்று எழுதிவிட்டார், பாட்டியோ ஆகஸ்டில் பிறந்தவன் என்றார். நம் தாத்தாவுக்கும் சர்டிபிகேட் தேதி ஒன்று, ஜாதகத் தேதி ஒன்று. மலரில் இரண்டையும் போடு.

ஜோக் புத்தகங்கள் போட்டவர் என்பதால் கவலையில்லாத மனிதர் என்று நினைத்துவிடாதே. 1947இல் லாகூரை விட்டு வந்தவர். 1984இல் பொற்கோவிலுக்குள் ராணுவம் நுழைந்ததும் பத்மபூஷணைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசியில், தான் வளர்ந்த ஊரிலேயே கலவரத்துக்குப் பயந்து ஸ்வீடன் தூதரகத்தில் ஒதுங்க வேண்டியிருந்தது. அப்படியும் 2010இல், லோதி தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து அரட்டையடிக்கும் மூன்று கிழவர்களை வைத்து ‘சன்செட் கிளப்’ நாவல் எழுதினார். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் மணி அடிக்காதே என்று வாசலில் பலகை, விடிவதற்கு முன்பே எழுந்து வேலை, விருந்தாளி யாரானாலும் ராத்திரி நேரத்தோடு அனுப்பிவிடுவது. எனக்கென்னவோ, அந்தக் கறார்தான் அவர் சிரிப்புக்குக் காவல் என்று தோன்றும்.

நம் தாத்தாவும் லேசுப்பட்டவரா? எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார். மேலதிகாரியே வந்து உட்கார்ந்திருந்தாலும், “காலையில பாலுக்குப் போகணும், சார்” என்று எழுந்துவிடுவார். மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் போட்டதும் தூக்கைச் சாய்த்துப் பிடித்தால் நுரை கட்டாது என்று வரிசையில் நிற்கும் சர்தார்ஜிக்கும் வங்காளி அம்மாவுக்கும் தமிழிலேயே பாடம் எடுப்பார். குளிர்காலத்தில் மங்கி கேப்போடு மொட்டை மாடியில் வெயில் காய்வார். வேர்க்கடலையை உரித்துத் தோலை ஊதிக்கொண்டே, ரம்மியில் ஜோக்கரைக் கம்பளிக்குள் ஒளித்துவிடுவார். மாட்டிக்கொண்டால், “கண்ணு தெரியலைடா” என்பார். இதை எழுதாதே என்று உன் அத்தை சொல்வாள். எழுது, கேட்டால் என் பெயரைச் சொல்.

பாட்டி போன பிறகு ஆறு மாதம் அவர் சீட்டுக்கட்டைத் தொடவில்லை. அதையும் எழுது, ஒரே வரியில்.

அவர் தில்லிக்கு வந்த புதிதில் மெஸ்ஸில் அடித்த கூத்தெல்லாம் எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். முழுக்கதை தெரிந்தவர் கரோல் பாக் மாமி ஒருவர்தான் பாக்கி, அவருக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போ. பத்து மணிக்கு மேல் போனால் காது மிஷின் போட்டுக்கொண்டு தெம்பாக இருப்பார். கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதே, தாத்தா போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு. ஸ்வீட் வாங்கிப் போகாதே, அவருக்குச் சர்க்கரை. காராபூந்தி என்றால் உயிர்.

அன்புடன்,
பெரியப்பா