வேறு எதையெல்லாம் வெட்டுகிறது?

அன்புள்ள யாழினி,

பிஎச்.டி. இடம் கிடைத்ததை அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். அல்சைமருக்குப் புரோட்டியேஸ் தடுப்பான் தேடப் போகிறாயாமே! பலர் கையைச் சுட்டுக்கொண்ட துறை என்பதைத் தெரிந்துகொண்டே இறங்கு.

பேஸ்1 என்ற புரோட்டியேஸ் நொதியை 1999-இல் கண்டுபிடித்தபோது கணக்கு எளிதாகத் தெரிந்தது. மூளையில் படியும் அமிலாய்டு துண்டை அதன் தாய்ப்புரதத்திலிருந்து முதலில் வெட்டுவது இதுதான். வெட்டை நிறுத்தினால் படிவும் குறையும். அந்த மரபணுவை நீக்கிய எலிகளும் 2001-இல் நலமாகவே தெரிந்தன. மெர்க் கம்பெனியின் வெருபெசெஸ்டாட் என்ற பேஸ்1 தடுப்பு மருந்து தண்டுவட நீரில் அமிலாய்டை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. நினைவாற்றல்தான் தேறவில்லை. 2017-இல் ஒரு சோதனை நின்றது. ஆரம்பநிலை நோயாளிகளிடம் நடந்த இன்னொன்று 2018-இல் நின்றது. அதில் மருந்து எடுத்தவர்கள் சில அளவீடுகளில் பின்தங்கவே செய்தார்கள். 2019-க்குள் மற்ற கம்பெனிகளும் கடையைக் கட்டிவிட்டன.

காரணம் பற்றிய வாதம் ஓயவில்லை. என் சந்தேகமெல்லாம் இந்த நொதியின் மற்ற வேலைகள் மேல்தான். 'நலமான' அந்த எலிகளின் நரம்புகளை 2006-இல் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், மையலின் உறை மெலிந்திருப்பதைக் கண்டார்கள். உறை வளரத் தூண்டும் நியூரெகுலினை வெட்டித் தருவதும் பேஸ்1தான். அதன் உடன்பிறப்பான பேஸ்2, ரோம நிறமிக்கு வேண்டிய ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெருபெசெஸ்டாட் இரண்டையும் தடுக்கும். மருந்து எடுத்த சிலருக்கு முடியின் நிறமே மாறியது!

ஐஸ்லாந்தில் சிலருக்கு இயற்கையாகவே அல்சைமர் வாய்ப்பு குறைவு என்று 2012-இல் தெரியவந்தது. அவர்களுடைய நொதியில் மாற்றமில்லை. தாய்ப்புரதத்தில், வெட்டுமிடத்துக்கு அருகே ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் அமிலாய்டு உற்பத்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது, அதுவும் பிறவியிலிருந்தே. நியூரெகுலின் வழக்கம்போல் வெட்டுப்படுகிறது. நொதியை முழுசாக முடக்குவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம், பார்.

உன் ஆய்வகத்தில் ஐசி50, அதாவது நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு, எத்தனை நானோமோலார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த எண் இறங்க இறங்க எல்லோருக்கும் குஷி. நீ அதற்கு முன்பே, உன் நொதி வேறு எந்தப் புரதங்களை, எந்தச் செல்லில், எந்த வயதில் வெட்டுகிறது என்று ஒரு பட்டியல் போடு. பேஸ்2, கதெப்சின் டி மாதிரி உறவுக்கார நொதிகள்மேல் உன் மூலக்கூறை முதல் வருஷமே ஓட்டிப் பார்த்துவிடு. எத்தனை சதவீதம் தடுத்தால் போதும் என்பதையும் சோதனைத் திட்டத்திலேயே எழுதி வை. இதற்கெல்லாம் ஆறு மாசம் ஆகும் என்று கைடு முகம் சுளித்தால், 2006 ஆய்வுக்கட்டுரையை அவர் மேசையில் வைத்துவிட்டு வா.

அன்புடன்,
சித்தி