க்ளெய்ம் வந்தால் சும்மா இருக்காதீர்கள்

யூடியூபில் தவறான பதிப்புரிமை க்ளெய்ம் விழுந்த இசைக் கலைஞரிடம் "காசு கொஞ்சம்தானே, விட்டுத் தள்ளுங்கள்" என்பவர்கள் மீது எனக்கு ஆறாத கோபம் உண்டு. கண்டென்ட் ஐடி, பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திர ஏற்பாடு. அது தீர்ப்புச் சொல்லும் கோர்ட் இல்லை. நாம் வாயை மூடிக்கொண்டால்தான் அது சொன்னது நிலைத்துவிடுகிறது. 5 நாளுக்குள் மறுத்தால், க்ளெய்ம் விழுந்த நாள் முதலான வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். தாமதித்தால், மறுத்த நாளிலிருந்துதான். புதுப் பாட்டை அதிகம் பேர் கேட்பதே அந்த முதல் சில நாட்களில்தான். யோசித்துக்கொண்டிருப்பவர் இழப்பது அந்த நாட்களின் வருமானத்தைத்தான்.

மறுப்பில் என்ன எழுதுகிறோம் என்பது அதைவிட முக்கியம். "தியாகராஜர் 1847-இல் காலமாகிவிட்டார், கீர்த்தனை எல்லோருக்கும் பொது" என்று எழுதி நிறுத்துகிறார்கள். உண்மைதான். ஆனால் க்ளெய்ம் ஒலிப்பதிவின் மேல் வந்திருந்தால் அந்தப் பதில் உதவாது. இந்தியச் சட்டத்தில் பாட்டு வேறு, பதிவு வேறு. பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு உரிமை. ஆகவே பாடியது யார், வயலின் யார், மிருதங்கம் யார், எந்த ஸ்டுடியோவில் எந்தத் தேதியில் பதிவானது என்று எழுதுங்கள். பொருந்துவதாகக் காட்டும் நொடிகளையும் ஓடவிட்டுக் கேளுங்கள். பாடகர் வாய் திறக்கும் முன்பே, தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் பொருத்தம் தொடங்குகிறதா? அப்படியானால், அதே தம்பூரா லூப்பை வைத்துப் பாடிய யாரோ தன் ஆல்பத்தை டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாகக் கண்டென்ட் ஐடியில் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். தனக்கு மட்டுமே உரிமை இல்லாத ஒலியை அதில் சேர்க்க யூடியூப் விதி இடம் தருவதில்லை. நொடிக் கணக்கோடு இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

மறுத்தால் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற தண்டனை விழாதா என்று பயப்படுகிறார்கள். மறுப்பதால் மட்டும் விழாது. கோரியவர் 30 நாளில் பதில் தராவிட்டால் க்ளெய்ம் விலகிவிடும். வீடியோவையே நீக்கச் சொல்லி அவர் முறைப்படி கேட்டால்தான் ஸ்ட்ரைக். அதற்கும் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். பயம் நியாயமான இடமும் உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். பாட்டின் உரிமையை இயற்றியவர் மறைந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவதால், அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. அங்கே "பழைய பாட்டு" என்ற வாதம் எடுபடாது. ஆனால் உண்மையிலேயே பழைய இசைக்கும் தவறான க்ளெய்ம் வரும்: 1750-இல் இறந்த இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்துப் பேஸ்புக்கில் போட்டதற்கு 2018-இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸுக்கே க்ளெய்ம் வந்தது. ஊரறியச் சத்தம் போட்டு மீட்டார். அத்தனை ரசிகர்கள் நமக்கு இல்லை. மிக்ஸ் செய்யாத தனித்தனி ட்ராக்குகள்தான் நம் கையில் உள்ள சாட்சி; பாட்டு வெளியான பிறகு இடம் போதவில்லை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள்.