ராக்கரும் செங்கோணமும்

“பிதாகரஸ் தேற்றம் பிழைப்புக்கு உதவுமா?” என்று பள்ளி நாட்களில் கேட்டவன் நான். அதற்கு விடை எங்கள் தோட்டத்து ஆயில் இஞ்சினில் கிடைத்தது. அதை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் கீரமங்கலம். பூவுக்கும் தென்னைக்கும் பெயர் பெற்றது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கரை கடந்த கஜா புயல், தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. பல நாள் மின்சாரம் இல்லை. எஞ்சிய முல்லைக் கொடிகளையாவது காக்க வேண்டுமென்று, கொட்டகையில் கிடந்த பழைய இஞ்சினை அப்பா பிரித்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வால்வு சீட்டைக் கடைந்து, புதிய வால்வுகள் போட்டு, டேப்பட் இடைவெளி வைத்து ஓட்டினோம். ஒரு மாதங்கூட ஓடவில்லை. வால்வுகளின் முனை குழிந்து, கைடு ஒரு பக்கமாகத் தேய்ந்து, இஞ்சின் புகை கக்கி நின்றது. முல்லையும் வாடியது. “இடைவெளியைச் சரியாகத்தானே வைத்தேன்!” என்று அப்பா பலமுறை சொன்னது என் நெஞ்சில் தங்கிவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் அதை மீண்டும் பிரித்தேன். இடைவெளியில் பிழையில்லை, பிழை உயரத்தில் இருந்தது.

ராக்கர் என்பது ஒரு நெம்புகோல். புஷ் ராடு ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வை அழுத்துகிறது. வால்வு நேர்கோட்டில் இறங்குகிறது. ராக்கரின் மூக்கோ வட்டவில்லில் செல்கிறது. ஆகவே மூக்கு, வால்வு முனைமீது சற்றேனும் உரசியே தீரும். அந்த உரசலை மிகக் குறைப்பதுதான் நம் கையில் உள்ளது. வால்வு பாதி இறங்கியிருக்கும் நிலையில், ராக்கர் தண்டின் மையத்திலிருந்து மூக்கு வளைவின் மையத்திற்கு இழுக்கும் கோடு, வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போது உரசல் மிகக் குறைவு.

எங்கள் இஞ்சினில் அந்தக் கோட்டின் நீளம் 40 மி.மீ.; வால்வு இறங்கும் தூரம் 10 மி.மீ. சரியான அமைப்பில் மூக்கு மையம் 5 மி.மீ. மேலிருந்து 5 மி.மீ. கீழ்வரை செல்லும். பிதாகரஸ் தேற்றப்படி 40² − 5² என்பதன் வர்க்கமூலம் 39.69. எனவே உரசல் 0.31 மி.மீ. நான் அளந்தபோதோ, பாதி இறக்கத்தில் மூக்கு மையம் தண்டு மையத்தைவிட 3 மி.மீ. உயர்ந்திருந்தது. பலமுறை கடைந்த சீட்டில் வால்வு உள்ளே அமிழ்ந்திருந்தது. புதிய வால்வும் சற்று நீளம். அதனால் மூக்கு மையம் 8 மி.மீ. மேலிருந்து 2 மி.மீ. கீழ்வரை சென்றது. உரசல் 0.81 மி.மீ.; அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல்!

டேப்பட் திருகை எவ்வளவு திருப்பினாலும் இது மாறாது. திருகு இடைவெளியை மாற்றும்; தண்டின் உயரத்தை மாற்றாது. ராக்கர் தாங்கியின் அடியில் 3 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு வைத்தேன். தாங்கி உயர்ந்தபின் திருகைக் கீழே இறக்கி, இடைவெளியைப் புதிதாக வைக்க வேண்டும். மரை போதாவிட்டால் நீளமான புஷ் ராடு தேவைப்படும்.

பின்பு வால்வு முனையில் புளூ தடவி, பிளைவீலைக் கையால் சில சுற்று சுற்றிப் பார்த்தேன். நடுவில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: தடம் நடுவில் விழுந்தால் மட்டும் போதாது, குறுகலாகவும் விழ வேண்டும். அகலம் உயரத்தைக் காட்டும். இடம், தாங்கி முன்பின் நகர்ந்திருப்பதைக் காட்டும். ஒன்றின் குறையை மற்றொன்றால் தீர்க்க முடியாது.

கைடையும் வால்வுகளையும் மாற்றி ஓட்டியபோது அப்பா வெகுநேரம் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தகட்டின் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். “அன்றைக்கு இது தெரிந்திருந்தால் கொடி பிழைத்திருக்கும்” என்றார். நண்பர்களே, நாம் கற்கும் கணக்கு தேர்வுத்தாளோடு நின்றுவிடலாகாது. அது நம் வயல் வரப்புக்கும் வர வேண்டும்.