வளர்த்த உயிரின் இறுதி வேளை: கருணையும் விவேகமும்

வீட்டில் அன்புடன் வளர்த்த கோழி ஒன்று தீராத நோயில் விழுந்து துன்புறுகிறது. அதன் உயிரை வலியின்றி முடித்துவைப்பது கருணையா, கொலையா? ‘கோழிதானே’ என்று இக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. நம் கையிலிருந்து தானியம் உண்டு, நம் குரல் கேட்டு ஓடிவந்த ஓர் உயிரைப் பற்றியது அது. அஹிம்சை என்பதன் உட்பொருளையே அது ஆராயத் தூண்டுகிறது.

சபர்மதியில் ஒரு கன்று

1928-ஆம் ஆண்டில் இதே கேள்வி சபர்மதி ஆசிரமத்தில் எழுந்தது. அங்கே கன்று ஒன்று ஊனமுற்று வேதனையில் கிடந்தது. கடும் வலியின்றிப் புரண்டு படுக்கவும் அதனால் இயலவில்லை. இனிப் பிழைக்காது என்று மருத்துவரும் கூறிவிட்டார். காந்தியடிகள் ஆசிரமவாசிகளைக் கலந்து பேசினார். உயிரைப் படைக்க இயலாத மனிதனுக்கு அதைப் பறிக்க உரிமை ஏது என்ற ஆட்சேபம் எழுந்தது. அதையும் எண்ணிப் பார்த்த பின்னரே அவர் முடிவு செய்தார். அவர் முன்னிலையில் மருத்துவர் ஒருவர் ஊசி மருந்து செலுத்தினார். இரண்டு நிமிடங்களுக்குள் கன்றின் வேதனை அடங்கியது.

இதனை அவர் தம் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். கண்டனங்கள் எழுந்தபோது நான்கு நிபந்தனைகளை வகுத்துரைத்தார். நோய் தீராததாக இருக்க வேண்டும். தொடர்புடைய அனைவரும் அவ்வுயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கையை இழந்திருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்தராத நிலையாக இருக்க வேண்டும். தன் விருப்பத்தைத் தெரிவிக்க அவ்வுயிருக்கு இயலாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அஹிம்சையின் பெயரால் உயிரைப் போக்குதல் தகாது என்றார்.

பயிரை அழிக்கும் குரங்குகளைப் பற்றியும் அப்போது எழுதினார். அவற்றைக் கொல்வது ஹிம்சையே என்றார். கன்றின் விஷயத்தில் நாடப்பட்டது கன்றின் நலம். குரங்குகளின் விஷயத்தில் நாடப்படுவது மனிதனின் நலம். எனவே முடிவெடுப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: ‘நான் முடிக்க விரும்புவது யாருடைய துன்பத்தை?’

காலத்தை அறிதல்

முட்டையிடுவது நின்றுவிட்டது, மருத்துவச் செலவு மிகுகிறது, பார்க்கவே மனம் பொறுக்கவில்லை என்பன நம் துன்பங்கள். கோழியின் துன்பத்தை அறிய அதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். பிற விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலால் கோழி தன் நோயை இயன்றவரை மறைக்கும். வெளியே தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அவசரமும் கூடாது. அடைக்கு அமர்ந்த கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, குறைவாக உண்டு, அசையாதிருக்கும், அது நோயன்று. இறகு உதிர்க்கும் பருவத்தில் சோர்ந்து தோன்றுவதும் இயல்பே. செள்ளு, குடற்புழு, பாதத்தில் வரும் கட்டி ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அம்மை கண்ட கோழிகளிலும் பல தேறிவிடுகின்றன.

ஆனால் உணவும் நீரும் கொள்ளாமல், எழுந்து நிற்க இயலாமல், அலகைத் திறந்து மூச்சுக்குத் திணறி, மார்பெலும்பு கத்திபோல் துருத்த மெலிந்து, சிகிச்சைக்குப் பின்னும் நாளுக்கு நாள் நலிந்தால், அந்த நான்கு நிபந்தனைகளையும் எண்ணிப் பார்க்கும் வேளை வந்துவிட்டது. கால்களை முடக்கும் மேரக்ஸ் நோயும், முதிர்ந்த பெட்டைகளின் வயிற்றில் வளரும் கட்டிகளும் பலமுறை இந்நிலையில் கொண்டு விடுகின்றன. நல்ல நாள்களையும் வேதனை நாள்களையும் ஒரு தாளில் குறித்துவந்தால் மனமயக்கம் குறையும்.

‘அதன் வினையை அதுவே அனுபவித்துத் தீர்க்கட்டும்’ என்பார் சிலர். அந்த நியாயப்படி மருந்து கொடுப்பதும் வினையில் குறுக்கிடுவதே ஆகும். அதனை நாம் தவறென்று கருதுவதில்லையே! உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலை உண்டு என்பதை நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் ஏற்கிறது. பட்டினியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவதை அதே சட்டம் குற்றமாக்குகிறது.

முறையை அறிதல்

முதலில் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். மயக்கமருந்தால் நினைவிழக்கச் செய்து உயிரை அடங்கச் செய்வதே மென்மையான வழி. மருத்துவர் கிட்டாத ஊரில், கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் பிரிக்கும் முறையை நன்கு பயின்ற ஒருவரின் உதவியை நாடலாம். பயிலாதவர் முயன்றால் வேதனையே மிகும். நீரில் அமிழ்த்துதல், மூச்சை அடைத்தல், விஷம் வைத்தல், ஊர்ப்புறத்தில் விட்டுவருதல் ஆகியன ஒருபோதும் தகா.

இறுதி வேளையில் மங்கிய வெளிச்சமும் அமைதியும் பழகிய கையும் கோழியின் அச்சத்தைத் தணிக்கும். உயிர் பிரிந்த பின்னும் சிறகுகள் சற்று நேரம் படபடக்கலாம். அது தசைகளின் தன்னிச்சையான துடிப்பு. வேதனையின் அடையாளம் என்று கலங்க வேண்டா. மூச்சும் இதயத் துடிப்பும் நின்றதை உறுதிசெய்துகொள்க.

மருந்து செலுத்தப்பட்ட உடலை உண்ணலாகாது, நாய்க்கும் இடலாகாது. அம்மருந்து உடலில் தங்கி, அதைத் தின்னும் பறவையையும் விலங்கையும் கொல்லவல்லது. நீர்நிலைக்கு அப்பால் ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். பல கோழிகள் திடீரென மடிந்தால் கதை வேறு. அது வெள்ளைக் கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் மனத்தில் ஒரு கனம் எஞ்சும். அதை விரைந்து உதற வேண்டியதில்லை. எளிதாகக் கொல்லும் மனத்தில் அந்தக் கனம் பிறப்பதே இல்லை. தன் சௌகரியத்தை ஒதுக்கி, பேசாத ஓர் உயிரின் நலத்தை மட்டும் கருதி, இயன்ற சிகிச்சையெல்லாம் செய்து, கடைசிக் கணம்வரை அருகில் இருந்தவர், அவ்வுயிருக்குத் தாம் செய்ய வேண்டியதைச் செய்தவராவார்.