ஏரிக்கரையே வகுப்பறை: இயற்கைக் களப்பயணத்தைத் திட்டமிடுவோம்

களப்பயணம் என்றதும் நம் மாணவர்கள் வண்டலூர் என்பார்கள், ஒகேனக்கல் என்பார்கள். பேருந்து வாடகை, அதிகாலைப் புறப்பாடு, இரவு வெகுநேரம் கழித்துத் திரும்புதல் என்று அந்த நாள் கழிந்துவிடும். பார்த்த நேரத்தைவிடப் பயணித்த நேரமே அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட பயணங்களும் தேவைதான். ஆனால், தினமும் கடந்து போகும் ஏரியில் மூழ்கி மூழ்கி எழும் பறவையின் பெயர் தெரியாமலேயே ஒரு மாணவர் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டால், நாம் எதையோ விட்டுவிட்டோம் என்றுதான் பொருள்.

அரை நாளில், அதிகச் செலவின்றி, பள்ளிக்கு அருகிலேயே ஒரு நல்ல களப்பயணத்தை நடத்த முடியும். பாரூர்ப் பெரிய ஏரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை எப்படித் திட்டமிடலாம் என்று பார்ப்போம். உங்கள் ஊரில் வேறு ஏரியோ குன்றோ இருக்கலாம். திட்டமிடும் முறை ஒன்றுதான்.

ஏன் இந்த ஏரி?

கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையையும், பிறகு கிருஷ்ணகிரி அணையையும் கடந்து வருகிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அதன் நீர் பாரூர் ஏரிக்கு வந்து சேர்கிறது. ஏரியின் கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் ஏறத்தாழ 2,400 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகின்றன.

இந்த ஒரு நீர்வழியில் எத்தனை பாடங்கள்! சமூக அறிவியலுக்கு ஆறும் பாசனமும், அறிவியலுக்கு வாழிடமும் உணவுச் சங்கிலியும், கணக்குக்குப் பறவைக் கணக்கெடுப்பும் இருக்கின்றன. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களை மாணவர்கள் செய்தியில் பார்த்திருப்பார்கள். அந்த நீரும் நம் ஏரி நீரும் ஒரே ஆற்றைச் சேர்ந்தவை என்பதைக் கரையில் நின்று வரைபடம் விரித்துக் காட்டினால், மாசுபாடு என்ற சொல் மனப்பாடப் பகுதியாக நிற்காது. ஆறாம் வகுப்புத் தமிழில் உள்ள ‘சிறகின் ஓசை’ பாடத்தையும் இதனுடன் இணைக்கலாம்.

முன்பயணம்: ஆசிரியரின் வீட்டுப்பாடம்

களப்பயணம் நல்லபடியாக முடியுமா என்பது பெரும்பாலும் அந்த நாளில் தீர்மானமாவதில்லை. ஒரு வாரத்துக்கு முன் ஆசிரியர்கள் இருவர் அந்த இடத்தை நடந்து பார்க்கும் காலையில் தீர்மானமாகிறது. மாணவர்களை அழைத்துச் செல்லப்போகும் அதே நேரத்தில், அதே வழியில் செல்லுங்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை:

• கரையின் அகலம், சரிவு, சேறும் பாசியும் உள்ள இடங்கள், மதகு, கலிங்கு
• லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் விரையும் சாலையை எங்கே கடப்பது
• நிழல், குடிநீர், மாணவியருக்கான கழிப்பறை
• மரங்களில் மலைத்தேனீக் கூடு உள்ளதா, தெருநாய்கள் கூடும் இடம் எது
• கைபேசியில் சிக்னல் கிடைக்கும் இடம், 108 வண்டி வந்து நிற்கக்கூடிய இடம்
• அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும்

கரையில் இருக்கும் மீனவரிடமும் விவசாயியிடமும் பேசுங்கள். எங்கே ஆழம், எந்த மரத்தில் பறவைகள் அடையும், எந்தப் புதரில் பாம்பு நடமாட்டம் என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவரையே அன்றைய விருந்தினர் ஆசிரியராக அழைக்கலாம்.

தண்ணீருக்கு ஒரு கோடு

2014 ஜூனில் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, மேலே இருந்த அணையில் திறந்துவிடப்பட்ட நீர் அடித்துச் சென்றது. 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்காக வெளியூர் சென்ற புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவியர் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில், சுற்றுலா சென்ற மாணவர்கள் ஏறிய படகு ஏரியில் கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர்.

இந்த மூன்றிலிருந்தும் நமக்கு மூன்று விதிகள் கிடைக்கின்றன. திட்டத்தில் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. படகில் ஏற்றக் கூடாது. அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இறங்கக் கூடாது. கிருஷ்ணகிரி அணையில் மதகு திறந்தால் தென்பெண்ணையில் நீர்மட்டம் எப்படி உயரும் என்பது நம் மாவட்டத்தாருக்குத் தெரிந்ததே.

ஏரிக்கரையில் நீர் விளிம்பிலிருந்து 10 அடி தள்ளி, முன்பயணத்தின்போதே ஒரு கோட்டை முடிவு செய்யுங்கள். அன்று அங்கே சுண்ணாம்புப் பொடியாலோ கயிற்றாலோ அடையாளமிடுங்கள். கை கழுவவோ செருப்பில் ஒட்டிய சேற்றைக் கழுவவோகூட யாரும் அதைத் தாண்டக் கூடாது. நீச்சல் தெரிந்தவர் உட்பட எவருக்கும் விலக்கு இல்லை. கோட்டின் அருகில் நிற்கும் ஆசிரியருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. அவர் பறவை பார்க்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது.

அனுமதியும் பெற்றோரும்

தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் ஆகியவற்றை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

நம் பகுதியில் பெற்றோர் பலர் போச்சம்பள்ளி, ஓசூர் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். ஒரே நாளில் ஒப்புதல் கடிதம் கேட்டால் கையெழுத்து பாட்டியுடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருக்கும். 10 நாள் அவகாசம் கொடுங்கள். கடிதத்தில் இடம், நேரம், ஆசிரியரின் கைபேசி எண் ஆகியவற்றுடன், ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவற்றைக் குறிக்க இடம் விடுங்கள். வடமாநிலக் குடும்பங்களுக்குக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேவை.

குழுவும் நேரமும்

40 மாணவர்களுக்குக் குறைந்தது 5 பெரியவர்கள் வேண்டும்: நான்கு குழுக்களுக்கு ஒருவர் வீதம் நால்வர், கோட்டைக் காக்க ஒருவர். ஒவ்வொரு குழுவிலும் மாணவர்களை இருவர் இருவராக இணையுங்கள். தன் இணையைக் காணவில்லை என்றால் உடனே சொல்வது அவரவர் பொறுப்பு. இடம் மாறும்போதெல்லாம் தலைகளை எண்ணுங்கள்.

வலசைப் பறவைகள் இருக்கும், வெயிலும் கடுமையாகாத ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. ஒரு மாதிரி நேரத்திட்டம்:

7.00 – பள்ளியில் கூடுதல், எண்ணிக்கை, விதிகள்
7.30 – கரையில் 5 நிமிட மௌனம். கேட்ட ஒலிகளை எழுதுதல்
7.40 – பறவை நோக்கல்
8.40 – சிற்றுண்டி
9.00 – செடி, பூச்சி, தடயம் தேடல்
9.45 – மதகு, கால்வாய் பார்த்தல்
10.15 – எண்ணிக்கை, திரும்புதல்

வாசனைத் திரவியம் வேண்டாம், தேனீக்களைச் சீண்டிவிடும். மூடிய காலணி, தொப்பி, தண்ணீர்ப் புட்டி கட்டாயம். பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அசையவிடாமல் படுக்க வைத்து, பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

எதைப் பார்ப்பது, எப்படிப் பதிவது?

முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், மடையான், மீன்கொத்தி, ஆள்காட்டி, சாம்பல் நாரை ஆகியவை நம் ஏரிகளில் பரவலாகக் காணப்படுபவை. பெயரை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். அலகு எப்படி? கால் நீளமா, குட்டையா? நீந்துகிறதா, நடக்கிறதா, மூழ்குகிறதா? என்ன தின்கிறது? இவற்றை மாணவர் எழுதி, ஒரு கோட்டுப் படமும் வரைந்த பிறகு பெயரைச் சொல்லுங்கள். நீண்ட காலும் ஈட்டி போன்ற அலகும் கொண்ட நாரை கரையோரத்தில் அசையாமல் நிற்பது ஏன் என்பதற்கு மாணவரே விடை கண்டுபிடிப்பார்.

எல்லைப்புற வகுப்பறைகளில் இன்னொரு வளமும் உண்டு. தமிழில் கொக்கு, கன்னடத்தில் கொக்கரெ, தெலுங்கில் கொங்க. நம் யானை கன்னட வீட்டில் ஆனெ, தெலுங்கு வீட்டில் ஏனுகு, இந்தி பேசும் வீட்டில் ஹாத்தி. வீட்டு மொழிப் பெயர்களுக்கென்று பதிவேட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை அன்று மற்றவர்களுக்குச் சொல்லித் தரும்.

கூடு, முட்டை, உயிருள்ள எதையும் எடுத்து வரக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச இது நல்ல தருணம்.

காட்டுப் பக்கம் செல்வதென்றால்

தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் செல்ல விரும்பும் பள்ளிகள் வனச்சரக அலுவலகத்தின் அனுமதியும் வனப் பணியாளரின் துணையும் இல்லாமல் புறப்படக் கூடாது. மழைக்குப் பின் கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னார்கட்டா பகுதியிலிருந்து யானைக் கூட்டங்கள் இப்பக்கம் வருவது வழக்கம். அப்போது பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் பற்றி வகுப்பில் வரைபடம் வைத்தே நிறையப் பேசலாம்.

திரும்பிய பிறகு

மறுநாள் வகுப்பில் நான்கு குழுக்களின் எண்ணிக்கையையும் ஒரு பட்டை வரைபடமாக்குங்கள். குழுக்களுக்கிடையே எண்ணிக்கை வேறுபட்டால் காரணத்தை மாணவர்களே விவாதிக்கட்டும். பறவைப் பட்டியலை ‘ஈபேர்ட்’ தளத்தில் பதிவேற்றலாம். பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் நோக்கி எழுதிய பட்டியலும் ஏற்கப்படும். நம் மாணவர் எண்ணிய நாமக்கோழியும் அறிவியல் தரவாகும். பதிவேட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அதே கரைக்குச் செல்லுங்கள். எது கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிடும்போதுதான் களப்பயணம் ஆய்வாகிறது.

முன்பயணக் குறிப்புகளையும் தலைமையாசிரியரின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். நாம் மாறுதலாகிச் சென்ற பின் வரும் ஆசிரியருக்கு, அந்தக் கரையில் எங்கே கோடு போட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.