மாட்டுக்கறி வாங்கும்போது முதலில் கொழுப்பைப் பாருங்கள்

அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கறிக்கென்றே மாடு வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கடையில் தொங்குவது பெரும்பாலும் உழுது ஓய்ந்த காளை, இல்லையென்றால் பால் வற்றிய எருமை. சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாக 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு என்று சான்று பெற்ற பிறகே அறுக்க வேண்டும். பசுவை அறுக்க 1976இல் தடை வந்துவிட்டது. ஆக, நமக்குக் கிடைப்பது முற்றிய கறி. அதற்கேற்பத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்பச் சமைத்தால் அருமையான கறி.

காலையிலேயே போங்கள். முழுத் தொடையாகத் தொங்கும்போதுதான் பார்த்து வாங்க முடியும். துண்டு போட்டுக் குவித்துவிட்டால் எது எந்தப் பகுதி என்றே தெரியாது. அறுவைக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்பிய முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்தது கொழுப்பு. புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். எருமைக் கொழுப்பு நல்ல வெள்ளை. புல்லிலுள்ள மஞ்சள் நிறமியை எருமையின் உடல் வைட்டமின் ஏ ஆக்கிவிடுகிறது, மாட்டிலோ அது கொழுப்பில் தங்கிவிடுகிறது. எருமைக்கறி ஒன்றும் மட்டமில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும்.

நிறத்தைக் கொழுப்போடு சேர்த்துப் பாருங்கள். எருமைக்கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. மாட்டுக்கறி வெட்டிய உடனே சற்றுக் கருத்திருந்தாலும் காற்றுப் பட்டதும் சிவந்துவிடும். கொழுப்பு மஞ்சளாக இருந்தும் கறி சிவக்காமல் கருத்தே கிடந்து, தொட்டால் பிசுபிசுத்தால், அது பெரும்பாலும் களைத்து வந்த மாடு. பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற சந்தைகளில் லாரியில் ஏறி, தண்ணீரில்லாமல் நெடுந்தூரம் வரும் மாட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகிறது. அறுத்தபின் கறியில் ஏற வேண்டிய அமிலம் ஏறாது, சீக்கிரம் கெட்டுவிடும். "அண்ணே, எந்தச் சந்தை மாடு? இறக்கித் தண்ணி காட்டுனீங்களா?" என்று கேளுங்கள். வாடிக்கையாக வாங்கும் கடையில் பதில் கிடைக்கும். காலமெல்லாம் நமக்கு உழைத்த மாட்டை ஒரு நாளாவது நிம்மதியாக நிற்கவிடுவதுதான் முறை. நாலு பேர் கேட்டால் அது நடக்கும்.

விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். புளித்த வாடை வந்தால் வாங்காதீர்கள்.

குழம்புக்கு நெஞ்சுக்கறி, முன்சப்பை நல்லது. ஜவ்வை எடுக்கச் சொல்லாதீர்கள். மெதுவாக வேகும்போது அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். அவசர வறுவலுக்கு அண்டர்கட். முதுகெலும்புக்கு அடியில் அதிகம் அசையாமல் கிடக்கும் தசை என்பதால் வயதான மாட்டிலும் மெத்தென்றிருக்கும். தொடைக்கறி என்றால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டச் சொல்லி, அரைத்த பப்பாளிக்காய் ஒரு ஸ்பூன் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். அதிகம் ஊறினால் கறி மாவாகிவிடும். கொத்துக்கறியைக் கண்ணெதிரே கொத்தி வாங்குங்கள்.

வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பிரிட்ஜில் 4 டிகிரிக்குள் வைத்தால் துண்டுக்கறி மூன்று நாள் தாங்கும். கொத்துக்கறியை மறுநாளைக்குள் சமைத்துவிடுங்கள்.